எம்டனும் என் பேத்தியின் ஆய்வும்

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேத்தி மயிலாப்பூர் வந்து ஒரு வாரம் தங்கினாள். டில்லியில் எம்.ஏ. சர்வதேச உறவுகள் படிக்கிறாள். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்படி என்னம்மா எழுதறே?" என்று கேட்டேன்.

"சைபர் வெளியில் இறையாண்மை, தாத்தா. உங்களுக்குப் புரியறது கஷ்டம்."

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் கோப்பு பார்த்தவனிடம் இப்படிச் சொல்லலாமா? இறையாண்மை என்றால் என்னவென்று ஒரு தாலுகா ஆபீஸ் இருக்கை எழுத்தரைக் கேட்டுப் பார்க்கட்டும். இருந்தாலும் ரோஷத்தை அடக்கிக்கொண்டு, "சொல்லு, புரிந்தவரைக்கும் புரியட்டும்" என்றேன். அன்று ஆரம்பித்த வாக்குவாதம் அவள் ரயில் ஏறும் வரைக்கும் முடியவில்லை. அதில் என் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன். அவள் பக்கத்தை அவளுடைய ஆய்வேட்டில் படித்துக்கொள்ளலாம்.

முதலில் அவள் சொல்லிக்கொடுத்த பாடம். நாடுகளுக்கு மேலே போலீஸ்காரன் கிடையாது. இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் எல்லாத் தத்துவமும் கிளம்புகிறது. எனக்கு எங்கள் பிளாட்டை வைத்துத்தான் புரிந்தது. பன்னிரண்டு வீடு. எல்லாருக்கும் ஒரே சம்ப். 2019 கோடையில் தண்ணீர் வற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது இரண்டாம் மாடிக்காரர் யாரையும் நம்பாமல் தனக்கென்று சொந்தமாக டாங்கர் லாரி பேசி, தன் மொட்டை மாடித் தொட்டியை மட்டும் நிரப்பிக்கொண்டார். அவர் யதார்த்தவாதி. அசோசியேஷன் செயலாளர் கூட்டம் போட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கி, முறை வைத்துத் தண்ணீர் விட்டார். அவர் தாராளவாதி. மூன்றாவதாக ஒரு கட்சி உண்டாம், 1992இல் அலெக்சாண்டர் வெண்ட் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து பிரபலமானது. போலீஸ் இல்லை என்பதற்காக அடிதடி நடந்தே தீர வேண்டும் என்று இல்லை, ஒருவரையொருவர் என்னவாக நினைத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்தது என்பார்கள். கீழ் வீட்டு மாமியும் எதிர் வீட்டம்மாவும் இருபது வருஷமாகக் குடம் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கோடையிலும் கொடுத்துக்கொண்டார்கள். எந்த நோட்டிலும் அது கிடையாது.

இதுவரைக்கும் எனக்குச் சண்டை இல்லை. அடுத்து அவள் சொன்னதுதான் இடித்தது. "இதெல்லாம் தரையும் எல்லையும் இருக்கற உலகத்துக்கு. சைபர் வெளிக்கு இடமே கிடையாது தாத்தா. அதனால பழைய தத்துவம் எதுவும் பொருந்தாது." ஜான் பெரி பார்லோ என்கிற அமெரிக்கப் பாட்டாசிரியர் 1996 பிப்ரவரியில் டாவோஸ் நகரத்தில் உட்கார்ந்து சைபர் வெளியின் சுதந்திரப் பிரகடனம் என்று ஒன்றை எழுதினாராம். அரசாங்கங்களே, உங்களுக்கு இங்கே வேலை இல்லை என்பதுதான் சாரம். அதற்கு ஆறு மாதம் முன்னால், 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் வி.எஸ்.என்.எல். என்ற நம் அரசாங்க நிறுவனம் மெட்ராஸ் உட்பட நாலு பெரிய ஊர்களில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. சுதந்திர தினத்தன்று, அரசாங்கமே! அந்த மனிதருக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

"இடம் கிடையாதா? நாளைக்குக் காலையில் எழுந்திரு, காட்டுகிறேன்" என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லஸ்ஸிலிருந்து நடந்தே சாந்தோம் போனோம். மாதா கோயிலுக்குப் பின்னால் கடற்கரை. மீன்காரர்கள் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாலையில் இருக்கும் ஒரு சாதாரணக் கட்டடத்தைக் காட்டினேன். சிங்கப்பூரிலிருந்து கடலுக்கடியில் வருகிற கேபிள் ஏறுகிற இடங்களில் ஒன்று இந்தக் கரை. நம் காலுக்குக் கீழே மணலில் புதைந்து, அந்தப் பக்கம் ஏறுகிறது. ஆழ்கடலில் அதன் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அளவுதான். தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை, சுற்றிலும் செம்பு, பிளாஸ்டிக். கண்டம் விட்டுக் கண்டம் போகும் செய்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இப்படிக் கடலடியில்தான் போகிறது. சாட்டிலைட்டில் போகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேகம், கிளவுட் என்று பேர் வைத்தவனைச் சொல்ல வேண்டும்.

"இது உள்கட்டமைப்பு தாத்தா. நான் சொல்றது அரசியல்" என்றாள்.

அரசியல்தானே வேண்டும்? எம்டனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

நம் வயதுக்காரர்களுக்கு எம்டன் என்றால் ஒரு கப்பல் என்பதைவிட ஒரு ஆள். "அவன் சரியான எம்டன்" என்று வீட்டுக்கு வீடு சொன்ன காலம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் இந்த ஜெர்மன் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போனது. சுமார் 125 குண்டுகள், அரை மணி நேரம். ஐந்து பேராவது செத்தார்கள். ஹைகோர்ட் கிழக்கு மதிலில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. மறுநாளிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். (செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று வருஷா வருஷம் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நல்ல கதை. கதை என்றே வைத்துக்கொள்வோம்.)

மெட்ராஸ் கதை இதோடு முடிகிறது. எனக்கு முக்கியம், அதற்கு ஏழு வாரம் கழித்து நடந்தது. நவம்பர் 9ஆம் தேதி எம்டன் இந்துமகா சமுத்திரத்தில் கோகோஸ் தீவுக் கூட்டத்துக்குப் போயிற்று. அங்கே டைரக்ஷன் என்றொரு சின்னத் தீவு. எண்ணெயும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஒரு தந்திக் கேபிள் நிலையம் மட்டும். ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் முடிச்சு அது. கேப்டன் முல்லர் ஐம்பது பேரைக் கரையிறக்கி, கேபிளை வெட்டி, கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்க்கச் சொன்னார். நிலையத்து ஊழியர்கள் கம்பத்தை எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் சாய்க்க முடியுமா என்று கேட்டார்களாம். ஜெர்மன்காரர்களும் அப்படியே சாய்த்துக் கொடுத்தார்கள். இதைச் சொன்னபோது என் பேத்தி நின்றுவிட்டாள். "இது வெண்ட் தாத்தா!" என்றாள். கீழ் வீட்டு மாமியும் குடமும் என்றேன் நான்.

ஆனால் கம்பம் சாய்வதற்குள் அந்த ஊழியர்கள் ஒரு வேலை செய்திருந்தார்கள். அறிமுகமில்லாத கப்பல் வந்திருக்கிறது என்று கம்பியில்லாத் தந்தியில் கூவிவிட்டார்கள். ஐம்பது மைலுக்குள் துருப்புக் கப்பல்களைக் காவல் காத்துப் போய்க்கொண்டிருந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி. திரும்பி வந்து எம்டனை அடித்து நொறுக்கியது. மெட்ராஸில் எண்ணெய் கொளுத்தியபோது தப்பியவன், கேபிளில் கை வைத்தபோது மாட்டினான். இன்னொன்றும் உண்டு. அந்தத் தீவு நிலையத்தை நடத்திய ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் கம்பெனிக்குள்தான், 1871 வாக்கில் மெட்ராஸிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கேபிள் போட்ட கம்பெனியும் சேர்ந்துபோயிருந்தது. இன்றைக்குச் சாந்தோமில் ஏறுகிற கண்ணாடி இழை ஏறக்குறைய அதே தடத்தில்தான் வருகிறது. நூற்றைம்பது வருஷமாக வழி மாறவில்லை, அனுப்புகிற சரக்குதான் மாறியிருக்கிறது.

எம்டனைப் பற்றி இன்னொரு விவரம் இந்தக் காலத்துக்கு ரொம்பப் பொருத்தம். அந்தக் கப்பலுக்கு மூன்று புகைபோக்கிதான். முல்லர் நாலாவதாகத் துணியில் ஒன்று செய்து நிறுத்தி, தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் பிரிட்டிஷ் கப்பலாகத் தெரியும்படி செய்திருந்தார். பினாங்கில் அந்த வேஷத்தோடு புகுந்துதான் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தார். சைபர் தாக்குதலில் அடித்தவன் யார் என்று நிரூபிப்பதுதான் பெரிய தலைவலி, அதனால் பதிலடி கொடுக்க முடியவில்லை, தத்துவமே தடுமாறுகிறது என்கிறாள் பேத்தி. துணிப் புகைபோக்கி 1914லேயே வந்தாயிற்று அம்மா.

இனி சட்டத்துக்கு வருகிறேன். கடலடிக் கேபிளைக் காக்க ஓர் உலக உடன்படிக்கை இருக்கிறது: பாரீஸ், 1884 மார்ச் 14. மூலம் பிரெஞ்சில். பாண்டிச்சேரியில் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்ததற்கு எழுபது வயதுக்கு மேல் கிடைத்த ஒரு பலன், இதை ஊஞ்சலில் உட்கார்ந்து பேத்திக்குப் படித்துக் காட்ட முடிந்தது. வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ கேபிளை அறுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று ஆரம்பத்திலேயே ஒரு ஷரத்து. நன்றாகத்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்துக்கு வந்தால் பதினைந்தாவது ஷரத்து: போரில் ஈடுபட்ட நாடுகளின் செயல் சுதந்திரத்துக்கு இதனால் எந்தப் பங்கமும் இல்லை. அந்த வாக்கியம் "பியான் ஆந்தான்து" என்ற சொல்லோடு தொடங்குகிறது. பேச்சு வழக்கில் அதற்கு "பின்னே, சொல்லணுமா?" என்று அர்த்தம். அதாவது, சமாதானமாக இருக்கும்வரை யாரும் அறுக்கக் கூடாது. சண்டை வந்தால் அறுக்கலாம், பின்னே சொல்லணுமா! ஆபீசில் இப்படி எத்தனை ஆணை பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் வாய் நிறையக் கொடுத்துவிட்டு, கடைசிப் பத்தியில் "நிதிநிலைக்கு உட்பட்டு" என்று போடுவார்கள். கோப்பைக் கடைசியிலிருந்து படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த சூப்பிரண்டென்ட் இப்போது இல்லை.

அந்தப் பதினைந்தாவது ஷரத்தின்படியே நடந்தது. 1914 ஆகஸ்ட் 4 இரவு பிரிட்டன் போர் அறிவித்தது. 5ஆம் தேதி விடிவதற்குள் அலெர்ட் என்ற பிரிட்டிஷ் கேபிள் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் ஐந்து கேபிள்களை அறுத்துப் போட்டது. சொந்தக் கேபிள் போன ஜெர்மனி அடுத்தவர் கேபிளில் ஒண்ட வேண்டியதாயிற்று. 1917 ஜனவரியில் ஜெர்மன் வெளியுறவு மந்திரி சிம்மர்மான், மெக்ஸிகோவைத் தன் பக்கம் இழுக்க ஒரு ரகசியத் தந்தி அனுப்பினார். எங்களோடு சேர்ந்தால் டெக்ஸாஸ், நியூ மெக்ஸிகோ, அரிசோனா உங்களுக்கு என்று. அமெரிக்காவே பெருந்தன்மையாகக் கொடுத்த தந்தி வழியில் அது போயிற்று, ஆனால் அந்த வழி லண்டனைத் தொட்டுத்தான் போக வேண்டும். லண்டனில் எடுத்துப் படித்தார்கள். ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது.

ஹென்றி ஃபேரல், ஆபிரகாம் நியூமன் என்று இரண்டு பேராசிரியர்கள் 2019இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பேத்தி அதை வேதம் போல் வைத்திருக்கிறாள். உலகத்து வலைகள் எல்லாம் சில முடிச்சுகளில் வந்து சேர்கின்றன; முடிச்சைக் கையில் வைத்திருப்பவன் இரண்டு காரியம் செய்யலாம், போகிறதை ஒட்டுக் கேட்கலாம், இல்லை குரல்வளையை நெரிக்கலாம் என்கிறார்கள். 2013இல் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த தகவல்களில் பிரிட்டன் தன் கரையேறும் கேபிள்களில் ஒட்டுக் கேட்டது இருந்தது. அதே லண்டன், அதே தொழில். கட்டுரை நல்ல கட்டுரைதான். சைபர் வெளியால் வந்த புதுத் தத்துவம் என்று அதைச் சொல்வதைத்தான் நான் ஒப்பவில்லை. ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே வைத்த வள்ளுவருக்கு இதில் என்ன புதுசு?

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டாள். சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

என் பெரியண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். 1962இல் பாண்டிச்சேரி சட்டப்படி கைமாறியபோது அவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்து, சொல்தாவாகப் போய், கடைசியில் மார்செய் நகரத்தில் குடியமர்ந்தார். 2007 கடைசியில் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு டெலிபோன் அவருக்கு உதவாத பொருள். என் மகன் எங்கள் இரண்டு வீட்டுக்கும் யாஹூ மெசஞ்சர் போட்டுக் கொடுத்தான். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காருவேன். கம்ப்யூட்டரில் தமிழ் தட்ட எங்கள் இருவருக்கும் வராது. பிரெஞ்சில் எழுதிக்கொண்டோம். அறுபதை நெருங்கிய தம்பியும் எழுபதை நெருங்கிய அண்ணனும், பள்ளிக்கூடத்தில் பாதிரியாரிடம் பிரம்படி வாங்கிய பாஷையில்.

2008 ஜனவரி 30. காந்தி நினைவு நாள், காலை பதினொரு மணிக்கு ஆபீசில் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தோம். அன்று இரவு அண்ணன் வரவில்லை. மோடத்தை நாலு தடவை அணைத்துப் போட்டேன். மாடிப்படி வரைக்கும் ஒயரைத் தடவிப் பார்த்தேன். எலி கடித்திருக்குமோ என்றுகூடச் சந்தேகம். மறுநாள் பேப்பரில் பார்த்தால், எகிப்தின் அலெக்சாண்டிரியாவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் இரண்டு கேபிள் அறுந்திருக்கிறது. அதில் ஒன்று சீ-மீ-வீ 4. சிங்கப்பூரில் கிளம்பி, நம் சென்னையையும் மும்பையையும் தொட்டு, செங்கடல், சூயஸ் வழியாகப் போய், மார்செயில் முடிகிற கேபிள். ஒரு முனையில் நான், மறு முனையில் அண்ணன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கப்பல் நங்கூரம் இழுத்துவிட்டது என்றார்கள். அந்த நேரத்தில் அங்கே கப்பலே போகவில்லை என்றது எகிப்து அமைச்சகம். இரண்டு நாளில் பாரசீக வளைகுடாப் பக்கம் இன்னொரு கேபிள் அறுந்தபோது, அதற்குக் காரணம் யாரோ கைவிட்டுப்போன ஐந்தாறு டன் நங்கூரம் என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு மூன்று நாள் ஒட்டவே இல்லை. நாலாம் நாள் ஏதோ சுற்று வழியில் இழுத்து இழுத்து வந்தது. திறந்ததும் அண்ணனுடைய செய்திகள் வரிசையாக விழுந்தன. எல்லாம் ஒரே செய்தி. "தே லா?" இருக்கிறாயா என்று அர்த்தம். பதினேழு தடவை எண்ணினேன். அங்கே பேப்பரில் இது பெரிய செய்தியாக வரவில்லையாம். எனக்கு ஏதோ ஆகிவிட்டது, அண்ணியிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் இருந்தார்.

ராபர்ட் கியோஹேன், ஜோசப் நை என்று இருவர் 1977இல் எழுதிய புத்தகத்தில் ஒரு வித்தியாசம் சொல்கிறார்கள் என்று பேத்தி அப்போது எடுத்துக் காட்டினாள். இவர்களில் நை 2025 மே மாதம் காலமானார். அடுத்தவன் வீட்டில் நடப்பது நம்மைச் சட்டென்று பாதிப்பது ஒன்று. பாதித்த பிறகு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வழியில்லாமல் இருப்பது இன்னொன்று. முதலாவது எல்லாருக்கும் உண்டு. இரண்டாவதுதான் பலவீனம். ஒரு வாரத்தில் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் உருப்படியானது இதுதான் என்று நினைக்கிறேன். அண்ணனும் நானும் மூன்று நாள் தவித்தது முதல் வகை. சுற்று வழி என்று ஒன்று இருந்ததால் நாலாம் நாள் பேசினோம். அந்தமான்காரர்களுக்கு அந்தச் சுற்று வழிகூட வெகுகாலம் இல்லை, சாட்டிலைட்டை நம்பிக் கிடந்தார்கள். நம் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் இணைத்தார்கள். 1,224 கோடி ரூபாய். செலவு அதிகம் என்றவர்கள் உண்டு. நான் இல்லை.

இப்போது என் குறைக்கு வருகிறேன். உலகத்தில் வருஷத்துக்கு 150 முதல் 200 தடவை கேபிள் பழுதாகிறது. பெரும்பாலும் மீன்வலையும் நங்கூரமும். ஒட்டுப் போட அதற்கென்றே கப்பல் வேண்டும். நம் நாட்டில் 17 சர்வதேசக் கேபிள்கள் 14 நிலையங்களில் கரையேறுகின்றன என்று டிராய் 2023இல் கணக்குச் சொன்னது. மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம். பழுது பார்க்க இந்தியக் கொடி பறக்கும் கப்பல் ஒன்றுகூட இல்லை என்பதையும் சொன்னது. பக்கத்து நாட்டுத் துறைமுகத்திலிருந்து வெளிநாட்டுக் கப்பல் வர வேண்டும், அதற்கு அனுமதி மேல் அனுமதி வாங்க வேண்டும். சந்திரனில் இறங்கியாயிற்று. கடலில் ஒரு ஒயரை ஒட்ட ஆளுக்குக் காத்திருக்கிறோம். 2020 ஜூன் 29ஆம் தேதி, கல்வான் மோதலுக்கு இரண்டு வாரம் கழித்து, 59 சீனச் செயலிகளைத் தடை செய்தோம். செய்ததைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் சைபர் இறையாண்மை என்று நாம் கைதட்டியது அதற்குத்தான். கப்பலுக்கு யாரும் தட்டவில்லை, இல்லாத கப்பலுக்கு எப்படித் தட்டுவது?

பெரியவர்கள் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று பாருங்கள். சீ-மீ-வீ 6 என்று புதுக் கேபிள், 19,200 கிலோமீட்டர், அதே சிங்கப்பூர் முதல் மார்செய் வரை. அதைப் போட ஒரு சீன நிறுவனம் ஏறக்குறைய 50 கோடி டாலருக்குக் குறைந்த விலை கேட்டிருந்தது. அமெரிக்கா தூதரகங்கள் மூலம் பேசி, பயிற்சி மானியம் கொடுத்து, தடை வரும் என்றும் காதில் போட்டு, வேலையை அமெரிக்க நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டது என்று ராய்ட்டர்ஸ் 2023 மார்ச்சில் விவரமாக எழுதியது. சீனக் கம்பெனிகள் இரண்டு கூட்டிலிருந்து விலகிக்கொண்டன. அந்தக் கேபிள் 2024 முடிகிற சமயத்தில் நம் சென்னைக் கரையில் ஏறியது. நம் காலடி மணலுக்காக இரண்டு வல்லரசுகள் டெண்டர் சண்டை போட்டிருக்கின்றன. டெண்டர் கமிட்டிக் கோப்பு நானும் பார்த்திருக்கிறேன், குறைந்த விலைக்காரனை ஏன் விட்டாய் என்று தணிக்கையில் கேட்டால் பதில் எழுதியே கை ஒடியும். அமெரிக்கா பயப்பட்டது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. எந்தப் பொருளுக்காகப் பயப்பட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வழியில் இன்னும் ஆபத்து தீரவில்லை. 2024 பிப்ரவரியில் ஹூதிகள் அடித்த ருபிமார் என்ற சரக்குக் கப்பல் நங்கூரத்தை இழுத்தபடி மிதந்துபோனது. செங்கடலில் மூன்று கேபிள் அறுந்ததற்கு அதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. 2025 செப்டம்பரில் ஜெட்டா பக்கம் மறுபடியும் அதே சீ-மீ-வீ 4 அறுந்து இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நெட் மந்தமானது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஒரே நாளில் ஒரே கஷ்டம் வந்தது. பிளாட் சம்ப் என்று நான் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது குறை கூடங்குளம். 2019 அக்டோபர் 29ஆம் தேதி, அணுமின் நிலையத்துக் கம்ப்யூட்டரில் வைரஸ் என்ற செய்தியை நிலையத்துத் தரப்பு மறுத்தது. 30ஆம் தேதி அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது: வைரஸ் இருந்தது உண்மை, நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான், உலையை இயக்கும் வலை தனியானது, அதற்குப் பாதிப்பில்லை. நம்புகிறேன். ஆனால் இந்த விஷயம் செப்டம்பர் 4ஆம் தேதியே தெரிவிக்கப்பட்டிருந்தது என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. ஆபீசில் இன்மை அறிக்கை அனுப்புவதற்கு முன்னால் தன்பதிவேட்டைப் புரட்டிப் பார்க்காத எழுத்தருக்கு மெமோ கொடுப்பார்கள். இல்லை என்று எழுதுவதற்குத்தான் அதிகம் தேட வேண்டும். வடகொரியாவோடு தொடர்புள்ள கூட்டத்தின் வேலை என்றார்கள் தனியார் நிபுணர்கள். இருக்கலாம், துணிப் புகைபோக்கியாகவும் இருக்கலாம். வெளியே இருக்கிற எதிரி யார் என்று தெரியாமல் போவதைச் சகித்துக்கொள்ளலாம். நம் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை நம்மவர்களே முதல் நாள் இல்லை என்றும் மறுநாள் ஆமாம் என்றும் சொன்னால், மூன்றாம் நாள் வருகிற வதந்தியை எதை வைத்து மறுப்பது?

ஆகையால் பேத்தியின் மூன்று கட்சியில் நான் எதில் என்று கேட்டால், அசோசியேஷன் செயலாளர் கட்சிதான், ஆனால் மொட்டை மாடியில் ஒரு சின்னத் தொட்டியும் வைத்துக்கொள்கிற செயலாளர். எல்லாத் தரவும் இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளித் தொடர்பே வேண்டாம் என்று சிலர் முழங்குகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள். எனக்கு அந்த வீராப்பு வேண்டாம். கேபிள் நிறைய வரட்டும், யார் போட்டாலும் வரட்டும், ஒரே கடல் வழியாக மட்டும் வர வேண்டாம். நமக்கென்று இரண்டு கப்பல், கிழக்குக் கரைக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. அறுந்தால் அறுந்தது என்று அன்றைக்கே சொல்லும் வாய். இதைக் கேட்டுவிட்டு, "இதை தியரி சாப்டர்ல போட முடியாது தாத்தா, பாலிசி சாப்டர்ல வேணா போடறேன்" என்றாள். எங்கே வேண்டுமானாலும் போடட்டும்.

ஊருக்குப் போன மறுநாள் டில்லியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். 1884 ஷரத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், அப்படியே அடிக்குறிப்பில் போடுகிறேன் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் நின்று, வாய் திறந்தபடி உறைந்துவிட்டாள். ஒரு நிமிஷம் கழித்து வந்தாள். "டில்லிக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் எந்தக் கடலும் இல்லையே அம்மா?" என்றேன்.

"சர்வர் சிங்கப்பூர்ல இருக்கும், தாத்தா."